எருமைக்கு ஆப்சென்ட்

“நேத்து நீ வகுப்புக்கு வரல. ஹால் டிக்கெட் கிடையாது” என்றது பிளாக்செயின் பேராசிரியர் கொக்கு.

“வந்தேன் சார். நீங்கதான் தப்பா ஆப்சென்ட் போட்டீங்க” என்றது எருமை.

“போட்டதை அழிக்க முடியாது. எல்லார்கிட்டயும் நகல் இருக்கு. இதைத்தானே வருஷம் பூரா நடத்துறேன்?”

எருமைக்கு நாளைக்குப் பரீட்சை.

சக மாணவன் ஓணான் எழுந்தது. “அழிக்க வேணாம் சார். கீழே புதுசா எழுதுங்க, ‘நேற்று எழுதியது என் தப்பு’ன்னு. நேத்து வகுப்புல இவன் விட்ட குறட்டையில எங்க யாருக்குமே தூக்கம் வரல.”

வகுப்பே தலையாட்டியது. கொக்கு எழுதியது. எல்லாரும் தங்கள் நகலிலும் எழுதிக்கொண்டார்கள்.

ஹால் டிக்கெட்டை வாயில் கவ்விய பிறகுதான் எருமைக்கு மூச்சே வந்தது.

“எதிர்த்துப் பேசினதுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிட்டு வா” என்றது கொக்கு.

எருமை பரீட்சை எழுதியது. கடிதம் எழுதவில்லை.