அவர் தூங்கிய பத்திகள்

எழுதியதைத் திருத்த அவளிடம் ஒரு வழி இருந்தது. கணவரை எதிரே உட்காரவைத்து உரக்க வாசிப்பாள். சலித்துப்போனவர் வாயால் பொய் சொல்லலாம், இமையால் முடியாது. அவர் கண் எங்கே செருகுகிறதோ, அந்தப் பத்தியின் மேல் பென்சில் கோடு விழும்.

இந்தக் கதை, கல்யாணமான புதிதில் அவர்கள் குடியிருந்த மாடி அறையைப் பற்றியது. அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். கதையை விட்டால் அதற்கு இனி வேறு இடமில்லை.

நேற்றைய வாசிப்பில் பாதிக் கதை போய்விட்டது. மிச்சத்தை இன்று வாசித்தாள். அவர் கொட்டக் கொட்ட விழித்திருந்தார்.

"ஒரு தடவைகூட தூங்கலையே. அப்போ கதை தேறிடுச்சு" என்றாள்.

"எங்க தேறுச்சு? அந்த ஆடுற மரப்படி எங்க? மழைக்கு ஒழுகுற மூலையில நீ வாளி வெப்பியே, அது எங்க?"

"நீங்கதான் குறட்டை விடாத குறையா சாஞ்சுட்டீங்களே. வெட்டிட்டேன்."

"யார் தூங்கினா? கண்ணைத் திறந்தா இந்த ஹால்தானே தெரியுது. நான் அந்தப் படியில ஏறிட்டிருந்தேன்டி."

அவள் நேற்றைய தாள்களை எடுத்து, ரப்பரால் கோடுகளை ஒவ்வொன்றாக அழித்தாள்.

"சரி, கண்ணை மூடிக்கோங்க" என்றாள்.