கொண்டை ஊசி

பரிதி எழுந்தான், பல் துலக்கினான், பால் காய்ச்சினான், டிவியைப் போட்டான். படம் துடித்து அணைந்தது. பின்னால் தளர்ந்துபோன எச்டிஎம்ஐ கேபிளை அவன் மனைவி சுகந்தி தன் கொண்டை ஊசியால் முட்டுக்கொடுத்து வைத்திருந்தாள். அவள் செத்த பிறகும் அது அப்படியே நின்றது.

புதுக் கேபிள் வாங்கியாயிற்று. "தங்க முலாமெல்லாம் சும்மா சார். இறுக்கமா உக்காரணும், அவ்வளவுதான். பழசைப் பிடுங்கிப் போடுங்க" என்றிருந்தார் கடைக்காரர்.

டிவியின் பின்னால் கையை விட்டான். ஊசி விரலில் பட்டது. பிடுங்கினால் அவள் இனி வரவே மாட்டாள் என்று பயந்தான். பிடுங்குவது தெரிந்து வந்துவிடுவாளோ என்றும் பயந்தான்.

அன்று ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டே, சிரித்தபடி, அவள் கடைசியாகச் சொன்னது: "நான் வர்றதுக்குள்ள அந்த ஒயர்ல கை வச்ச, ஒடிச்சிருவேன்."