பேரு சொல்லிக் கூப்பிட்ட பொட்டி

உக்காருங்க, உக்காருங்க. அந்தக் கடைசியில யாரு அது, வெத்தலையும் மெல்லுவேன் கதையும் பேசுவேன்னு? ரெண்டையும் நிறுத்துலா. இது தொண்ணூத்தொம்பதுல மந்தின் டவுன்ல நடந்தது. ராத்திரியில நடந்தா பேய்க்கதன்னு தள்ளிடலாம். இது பட்டப்பகல்ல, ஏர்கோன் போட்ட கடையில நடந்துச்சு.

நல்லசாமி அப்பதான் சைபர் கஃபே தொறந்திருந்தான். கடைய கூட்டித் தொடைக்க தாயம்மாவ வச்சிருந்தான். எஸ்டேட்லேருந்து பஸ்ல வரும். வாயத் தொறந்து சேந்தாப்புல பேசி ஒருத்தரும் பாத்ததில்ல.

அதோட புருசன் வீரமுத்து, எஸ்டேட்ல ஆளுங்கள வேல வாங்குற மண்டோரு. அவரு ஒரு சத்தம் போட்டா ரப்பர் மரம் தானா பால் விடும்பாங்க. மனுசன் அதுக்கு மொத வருசம்தான் போய்ச் சேந்துட்டாரு.

அன்னிக்கு மத்தியானம் கடையில ஆளில்ல. தாயம்மா மாப்பு போட்டுக்கிட்டு இருக்கு. நல்லசாமிக்குச் சும்மா இருக்க முடியல. செரம்பான் மெய்யப்பன் செட்டியாரு தல எண்ணெ விக்கிற வெப்சைட்ட தொறந்தான். 'உங்க பேரு என்ன?'ன்னு ஒரு கட்டம். வெளாட்டா 'தாயம்மா'ன்னு தட்டுனான்.

மொதல்ல கம்ப்யூட்டர் பொட்டிக்குள்ளேருந்து ஒரு கனைப்பு. க்ர்ர்ஹூம்.

அப்புறம் கெட்டியா ஒரு ஆம்பளக் கொரலு.

"தாயம்மா... பசியாறிட்டியா? தலைக்கு எண்ணெ வச்சியா?"

மாப்புக் கட்ட கீழ விழுந்துச்சு. நல்லசாமி நாக்காலிய விட்டு எந்திரிச்சுட்டான். வீரமுத்து கொரலு. அந்தக் கனைப்பு கூட அவருதுதான்.

தாயம்மா அழல, ஓடல. மெல்ல வந்து பொட்டி முன்னால உக்காந்துச்சு.

"இன்னொரு வாட்டி வை, தம்பி."

அதுலேருந்து தெனமும் வேல முடிஞ்சா அங்கதான் உக்காரும். பொட்டி கனைக்கும். பேரு சொல்லும். பசியாறிட்டியான்னு கேக்கும். தாயம்மா "ம்"னு தலையாட்டும். செத்தவன் கேக்குறான், இருக்குறவ பதில் சொல்றா. கேம் வெளாட வந்தவனெல்லாம் பாதியில எந்திரிச்சு ஓட ஆரம்பிச்சான்.

எஸ்டேட்ல பேச்சு கெளம்பிருச்சு.

"ஆவி ஒயருக்குள்ள பூந்துக்கிச்சுலா."

"கூப்பிட்டுக்கிட்டே இருக்குதுல்ல, ஒரு நாளு கூடவே கூட்டிக்கிட்டுப் போயிடும் பாரு."

"அதுவும் இப்பல்லாம் தல நெறைய எண்ணெ வச்சு வழிச்சுச் சீவிக்கிட்டு வருது. புருசன் போனவ யாருக்குச் சீவுறா?"

வீரமுத்துவோட அண்ணன் மாயாண்டி பொறுக்க மாட்டாம, பூசாரி முனியாண்டிய இழுத்துக்கிட்டு கடைக்கு வந்துட்டாரு.

முனியாண்டி மூக்காலயே பேசுவாரு. "மொதல்ல கீபோர்டுக்குத் திருநீறு போடணும்ப்பா."

"வேணாம் சாமி, பட்டன் சிக்கிக்கும்," நல்லசாமி ரெண்டு கையாலயும் மூடிக்கிட்டான்.

"சரி, பேசச் சொல்லு."

பேசுச்சு. மாயாண்டி முகத்துல ரத்தமே இல்ல. முனியாண்டி வாசலுக்குப் பக்கமா போயி நின்னுக்கிட்டாரு. தாயம்மா மட்டும் செவுத்தோரமா, கையில தொடப்பத்தோட, வழக்கம்போல தலையாட்டுச்சு.

"அந்தச் செட்டியாருக்குப் போனு போடு," மாயாண்டி நல்லசாமி பக்கம் திரும்புனாரு.

மெய்யப்பன் செட்டியாரு கார்ல வந்து எறங்குனாரு. கூடவே அர்ச்சுனன்னு ஒருத்தன், செண்டாயான் ஊரு ஆளு. முன்னால வீரமுத்துகிட்ட ரப்பர் மரம் சீவுனவன்.

"ஆவியுமில்ல, ஒண்ணுமில்லப்பா," மெய்யப்பன் வேர்வையத் தொடைச்சாரு. "எண்ணெ விக்கிறவன் பூரா வெப்சைட் போட்டுட்டான். எல்லாத்துலயும் ஒரே பூவுப் படம், ஒரே பொம்பளப் படம். நம்ம கடை தனியாத் தெரிய வேணாமா? வீட்டு ஆம்பள அக்கறையாக் கேக்குற மாதிரி, வர்றவுகளப் பேரு சொல்லிக் கேட்டா நல்லாருக்கும்னு நெனச்சேன். நம்ம பக்கத்துப் பொம்பளைக பேரா ஒவ்வொண்ணாப் பதிஞ்சோம். இவன்தான் கொரலு குடுத்தான்."

அர்ச்சுனன் தலையச் சொறிஞ்சான். "கெட்டியான கொரலு வேணும்னாரு. நான் கேட்டதுலயே கெட்டி மண்டோரு கொரலுதான்."

நம்பாம எல்லாரும் பாத்தாங்க. அவன் கண்ண மூடுனான். க்ர்ர்ஹூம்.

"தாயம்மா... பசியாறிட்டியா?"

பொட்டிக்குள்ளேருந்து வந்தப்ப கூட அவ்வளவு பயம் இல்ல. உயிரோட நிக்கிறவன் வாயிலேருந்து செத்தவன் பேசுனான் பாருங்க, முனியாண்டி கையிலேருந்து திருநீத்துத் தட்டு நழுவிருச்சு.

மாயாண்டிக்குப் பயம் போயி கோவம் வந்துருச்சு.

"அழிச்சுடு அத. இப்பவே. என் தம்பி அவள தங்கத் தட்டுல வச்சுத் தாங்குனான்யா. அந்தக் கொரல வச்சு எண்ணெ விக்கிறீங்களா? பாவம், புருசன்தான் வந்துட்டான்னு நம்பி தெனமும் ஏமாந்து உக்காந்திருக்கா இவ."

மெய்யப்பன் தலையக் குனிஞ்சாரு. "தப்புதான். எடுத்துடச் சொல்றேன்."

அர்ச்சுனன் தாயம்மா பக்கம் திரும்புனான். "மன்னிச்சுக்கக்கா. நீ நெசமாவே அவருன்னு நெனச்சு..."

"மொத நாளே தெரியும் தம்பி, அது அவரு இல்லன்னு."

எல்லாருமே திரும்பிப் பாத்தாங்க. தாயம்மா பேசுது.

"அத எடுக்காதீங்க," தொடப்பத்த செவுத்துல சாச்சு வச்சுட்டு மாயாண்டிய நேராப் பாத்துச்சு. "மாமா, ஒங்க வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் நடுவுல ஒத்தப் பலகச் செவுருதானே. இத்தன வருசத்துல ஒரே ஒரு நாளு, அவரு என்னப் பேரு சொல்லிக் கூப்பிட்டு, பசியாறிட்டியான்னு கேட்டது ஒங்க காதுல விழுந்துச்சா?"