மகாராணியின் முறை

"மேடம் ஏறி வர்றாங்கடா" என்று வாசலில் நின்றவன் சொன்னதும், மாடி கம்ப்யூட்டர் அறை கப்சிப் ஆனது.

தலைமையாசிரியை படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்து, முழங்காலைத் தடவித் தடவி மேலே வந்து சேர்ந்தார். கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்து மூச்சு வாங்கினார்.

கம்ப்யூட்டர் சார் புரொஜெக்டரைப் போட்டு, வெளிச்சத்தைச் சுவரில் விழவைத்தார்.

இன்றைய சோதனை சறுக்கினால், பதினோராம் வகுப்பில் ஒருத்தி கம்ப்யூட்டர் பாடத்தை விட்டுவிட்டு வேறு பாடத்துக்குப் போக வேண்டும். மேடம் முடிவாகச் சொல்லிவிட்டார்.

அந்த ஒருத்தி இங்கே இல்லை. கீழே, நூலக அறையில் இருக்கிறாள்.

வகுப்பில் கடைசியாகச் சேர்ந்தவள் அவள்தான். ஆனால் அவளுக்குத் தனி அறை, தனி கம்ப்யூட்டர், தனி மின்விசிறி. அதனால் வகுப்பு வைத்த பெயர் மகாராணி. அவளும் சளைத்தவள் இல்லை. இடைவேளையில் எட்டிப் பார்ப்பவர்களிடம், "என்ன பிரஜைகளே, மாதம் மும்மாரி பொழியுதா?" என்றுதான் ஆரம்பிப்பாள்.

இதுவரை அவரவர் கோப்புகள் அவரவர் மெஷினுக்குள் பூட்டிக் கிடந்தன. அலுவலகத்தில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைச் சார் கேட்டு வாங்கினார். லினக்ஸ் போட்டு அதைச் சர்வர் ஆக்கினார். இனி எல்லாருடைய கோப்புகளும் அதில்தான். எந்த மெஷினில் உட்கார்ந்து பெயரைத் தட்டினாலும் சொந்த வீட்டுக் கதவு மாதிரி திறக்கும்.

ஜன்னல் வழியாக ஒரு கேபிளை இறக்கி, மழைநீர்க் குழாயோடு சேர்த்துக் கட்டி, நூலகத்துக்கும் இழுத்துவிட்டார்.

ஆனால் காலையில் மகாராணியால் கோப்புகளைப் பார்க்கத்தான் முடிந்தது. சேமிக்க முடியவில்லை. சார் இறங்கினார், ஏறினார், மறுபடி இறங்கினார்.

"இப்படியே போனா உங்க தொப்பை காணாமப் போயிடும் சார்" என்றாள் வகுப்புத் தலைவி.

படிக்கட்டின் நடுவில்தான் சாருக்குப் பொறி தட்டியது. சர்வர் பெயரைப் பார்ப்பதில்லை. பெயருக்குப் பின்னால் இருக்கும் எண்ணைத்தான் பார்க்கும். கீழே உள்ள மெஷினில் அவள் ஒருத்திதான், அதனால் முதல் எண் விழுந்திருந்தது. மாடியில் இருந்த சர்வரிலோ அவளுக்குக் கடைசி எண். சர்வருக்கு அவள் யாரோ எவளோ.

எண்ணைத் திருத்தினார். சரிபார்ப்பதற்குள் மேடம் வந்துவிட்டார்.

சோதனை இதுதான். சர்வரில் ஒரே ஒரு படம், பள்ளிக்கூடத்தின் படம். ஒருவர் திறந்து தன் பங்கை வரைந்து, சேமித்து மூட வேண்டும். அப்புறம்தான் அடுத்தவர் தொடலாம்.

வெவ்வேறு மூலைகளில் இருந்து ஒவ்வொருவராக வரைந்தார்கள். மதில் வந்தது. வேப்பமரம் வந்தது. அதன் அடியில் ஆடு மாதிரி ஒரு நாய் வந்தது. வகுப்புத் தலைவி மாடிப்படியை எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு படியாக, நிழல் கொடுத்து இழைத்தாள்.

"இதை எவனாவது தொட்டீங்க, கையை ஒடிச்சுடுவேன்."

கடைசி முறை மகாராணிக்கு.

எல்லாரும் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்கள். சுவரில் விழுந்த வெளிச்சத்தில் படத்தின் பெயரும், பக்கத்தில் அது கடைசியாகச் சேமிக்கப்பட்ட நேரமும் தெரிந்தன. அந்த நேரம் மாற வேண்டும்.

மாறவில்லை.

சார் மறுபடி பார்த்தார். மாறவில்லை.

"மகாராணி தூங்கிட்டாங்களோ?" என்று ஒருவன் முணுமுணுத்தான்.

"மத்த பாடமும் நல்ல பாடம்தானே சார்" என்றார் மேடம், ஆறுதல் போல.

அப்போது நேரம் மாறியது.

அந்த அறையில் ஒரு விரல்கூட அசைந்திருக்கவில்லை. ஆனாலும் ஒரு கை வந்து தொட்டுவிட்டுப் போயிருந்தது, சுவரைத் தாண்டி, குழாய் வழியாக ஏறி. எத்தனையோ கேபிள் இழுத்த சாருக்கே கையில் மயிர்க்கூச்செறிந்தது. பின்வரிசைப் பெண் ஒருத்தி ஜன்னலுக்குப் போய், அசைவில்லாமல் தொங்கிய கேபிளையே பார்த்தபடி நின்றாள்.

சார் படத்தைத் திறந்தார்.

மதில் இருந்தது. மரம் இருந்தது. ஆட்டு நாய் இருந்தது.

மாடிப்படி இல்லை.

வகுப்புத் தலைவி எழுந்து சுவரருகே போய், தன் படிகளைத் தேடினாள்.

ஒரு படி மிச்சமில்லாமல் அழிக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில், நூலக வாசலில் தொடங்கி, மரத்தைச் சுற்றி வளைந்து, மாடி அறை வரைக்கும் ஒரு நீண்ட சரிவுப் பாதை.

பாதையின் பாதி உயரத்தில், இரண்டு பெரிய சக்கரங்கள் வைத்த நாற்காலியில், தலையில் கிரீடத்தோடு ஒருத்தி.

அவளுக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடியும் கைப்பையுமாக ஓர் அம்மாள். எதையும் பிடிக்காமல், இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு ஏறி வந்தாள்.

மேடம் தன் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்த அம்மாளைப் பார்த்தார்.

முழங்காலில் இருந்த அவர் கை, மெல்ல விலகியது.