நம்பி எடுக்கலாம்

கல்லடிக் கராஜில் பழைய லொறியின் முன்னால் குனிந்து நின்ற மெக்கானிக் வினோஜனை அல்பேட் சற்றும் நம்பவில்லை.

“பிரேக்க மிதிச்சிக்கிட்டு கிளச்ச மெல்லமா விடுங்க,” என்றான் வினோஜன். லொறி வாங்க வந்து சாரதி ஆசனத்தில் இருந்த வினாயகமூர்த்தி அவ்வாறே செய்தார். என்ஜின் சற்றே எழும்பி அமர்ந்தது. வினோஜன் டோர்ச் அடித்து அதன் அடியில் வெகுநேரம் பார்த்தான்.

“என்ஜினத் தாங்கிற மவுண்ட் ரப்பர் எல்லாம் நல்லம். நம்பி எடுக்கலாம்.”

அல்பேட்டின் சந்தேகம் இருமடங்காயிற்று. இவன் எதற்காகப் பொய் சொல்கிறான்?

வினாயகமூர்த்தி இறங்கிவந்து அல்பேட்டின் கையைப் பற்றினார். “அப்ப ஒங்கட லொறிய நானே வாங்கிறன், அண்ணன்.”

அவர் தேநீர் சொல்லச் சென்றதும் வினோஜன் மிகுந்த பணிவுடன் நெருங்கினான்.

“மவுண்டுக்குள்ள ரப்பர் செருப்ப வெட்டி வெச்சிரிக்கீங்க, அண்ணன். அந்த மத்தக் கால் செருப்பு கிடக்கா? நாளைக்கு என்ட லொறியயும் விக்கணும்.”