தட்டில் போடாதது

"இரும்போ தங்கமோ, எதெண்டாலும் கழட்டி இந்தத் தட்டிலை போடுங்கோ அக்கா," என்றாள் டொக்டர் தனுஷா.

கத்தரீனா மளமளவென்று கழற்றினாள். தோடு, காப்பு, சிலுவை தொங்கிய சங்கிலி, கொண்டை ஊசிகள்.

தாலிக்கொடியில் மட்டும் கை தயங்கியது. பிறகு கண்ணில் ஒற்றி அதையும் போட்டாள்.

குருநகரில் கலியாணக் கேக் என்றால் கத்தரீனாதான். மீன் வெட்டும்போதும் உடுப்புத் தோய்க்கும்போதும் ஒழுங்காக இருக்கும் அவளுடைய வலது சுட்டுவிரல், ஐசிங் பையைப் பிடித்தால் மட்டும் கொக்கியாக மடங்கி விறைத்துவிடும். அடுத்து வருவது சொந்த மகளின் கலியாணம். அந்தக் கேக்கை வேறு ஆள் தொட விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

இந்த வைத்தியம் பலிக்கும் என்பதில் தனுஷாவுக்குத் துளி சந்தேகமும் இல்லை. கொழும்பில் வளர்ந்து, வெளிநாட்டில் படித்து, மூளையைக் காந்தத்தால் தூண்டும் இந்த இயந்திரத்தை அடம்பிடித்து யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்தவள் அவள். கத்தரீனாதான் முதல் ஆள். விரலைப் பார்த்தாலே தெரிகிற நோய் என்பதால் தலையைப் படம்பிடிக்கவும் இல்லை.

"மூளையிலை கையை இயக்கிற கலங்களும் இருக்கு, போதும் நில் எண்டு சொல்லுற கலங்களும் இருக்கு. உங்களுக்கு நில் எண்டு சொல்லுறவை கொஞ்சம் சோம்பேறியள். கொஞ்ச நேரம் காந்தத்தாலை தட்டிவிட்டா, நாங்கள் நிப்பாட்டின பிறகும் அவை தங்கடை பாட்டிலை வேலை செய்வினம்."

"எங்கடை போட் எஞ்சின் மாதிரி," என்றாள் கத்தரீனா. "கயித்தை ஒருக்கா இழுத்துவிட்டாச் சரி."

தனுஷா சிரித்தாள். இதைவிட நன்றாக அவளாலும் சொல்லியிருக்க முடியாது.

"உடம்புக்குள்ளை ஏதும் வைச்சிருக்கே? இதயத்துக்கு மிசின், தகடு, ஆணி?"

"ஆணி அடிக்க நானென்ன மேசையே டொக்டர்? ஒண்டுமில்லை."

கத்தரீனா சிலுவை அடையாளம் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

இயந்திரம் இரையத் தொடங்கியது. காந்தம் வைக்க வேண்டிய இடத்தைக் குறிப்பதற்காகத் தனுஷா அவளுடைய தலைமயிரை விலக்கினாள். தனுஷாவின் விரல் ஓரிடத்தில் அப்படியே நின்றது. தோலுக்கு அடியில் புளியங்கொட்டை அளவில் ஏதோ ஒன்று, கல்லுப் போல.

"இதென்ன அக்கா?"

"அதுவோ?" கத்தரீனா கண்ணைத் திறக்கவில்லை. "சின்னனிலை, சண்டை நேரம், செல் விழுந்து வெடிக்கேக்கை ஏறின இரும்புத்துண்டு. எங்கடை வீட்டிலை எல்லாருக்கும் ஒண்டு கிடக்கு."

தனுஷா சட்டென்று கையை எடுத்தாள். காந்தத்தை இயக்கும் பொத்தானை அழுத்தியிருந்தால் அந்தத் துண்டு சூடேறியிருக்கும், அசைந்தும் இருக்கும். கேட்க வேண்டிய கேள்விகளை அவள் மனப்பாடம் செய்தது செல் விழாத ஊரில்.

காந்தத்தைத் தூரத் தள்ளிவிட்டு இயந்திரத்தை நிறுத்தினாள். 'டக்' என்று ஒரு சத்தம்.

கத்தரீனா கண்ணைத் திறந்தாள். வலது கையை நீட்டி, இல்லாத ஐசிங் பையைப் பிடித்து, காற்றில் மெதுவாக ஒரு ரோசாப்பூச் சுற்றினாள். விரல் மடங்கவில்லை.

"பாத்தியளே," என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக. "ஒரு 'டக்'கோடை சரி. நோகவே இல்லை."