நேற்றுப்போலவே வாங்கு

சனிக்கிழமை காலை லுபோஷ் கணினியில் ஆட்டத்தைத் திறந்தபோது, அண்ணன் மறுபடியும் உப்பு வாங்கியிருந்தார்.

முந்தின நாளும் உப்பு. அதற்கு முந்தின நாளும் உப்பு. கூடவே கொஞ்சம் குதிரைகள், ஒரு பீரங்கி. ஆட்டப் பதிவைப் புரட்டினால், ஒரு மாதமாக இதையேதான் வாங்கியிருக்கிறார்.

அண்ணன் ராடோவன் அப்படி ஆடுகிறவர் இல்லை. யாரும் தொடாத சரக்கை வாங்கிக் குவித்து எதிராளியைக் குழப்புவதுதான் அவர் பாணி.

அப்பாவின் தோட்டவீட்டை விற்றதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. செக் நாட்டில், தம்பி பிர்னோ நகரில், அண்ணன் ஓலோமோட்ஸ் நகரில் தனியாக. இணையத்தில் ஆடிவந்த இந்த ராஜ்ய ஆட்டத்தை மட்டும் இருவரும் விடவில்லை. தினமும் ஆளுக்கு ஒரு முறை. கோட்டையை அண்ணன் கொளுத்தினால், அண்ணன் நலம் என்று பொருள்.

ஆட்டத்தில் அதிக நேரம் தின்பது சந்தைதான். ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு திரை. ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு சொடுக்கு. போதாததற்கு, ‘நிச்சயமாகத்தானா?’ என்று கேள்வி வேறு.

லுபோஷுக்கு ராத்திரித் தூக்கமும் நேரமும் இல்லாமல் போனபோது, அவனே நிரல் எழுதி ஒரு பொத்தானைச் சேர்த்தான். ஒருமுறை அழுத்தினால் போதும். நேற்று வாங்கியதையே ஆட்டம் தினமும் வாங்கி, முறையை முடித்து, எதிராளிக்குத் தள்ளிவிடும். மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று, பெயர் போடாமல் ஆட்டக்காரர்களின் தளத்தில் ஏற்றினான். பிறகு அழுத்திவிட்டு, ஒரு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

அண்ணனும் அதையேதான் அழுத்தியிருக்கிறார்.

அழுத்தியவர் செத்துப்போனாலும் அது வாங்கிக்கொண்டேதான் இருக்கும். எழுதியவனுக்குத் தெரியாதா?

போன் செய்தான். எடுக்கவில்லை. காரை எடுத்தான்.

ஓலோமோட்ஸில் கதவைத் திறந்த ராடோவன் கையில் கரண்டி இருந்தது. உள்ளேயிருந்து பூண்டு சூப் வாசனை வந்தது.

"யாராவது போய்ட்டாங்களா?" என்றார்.

"இல்ல. நீங்க போன் எடுக்கல."

"சார்ஜ்ல கெடக்கு."

இருவரும் வாசலிலேயே நின்றார்கள்.

"ஒரு மாசமா உப்பே வாங்கிட்டிருக்கீங்களேண்ணே."

"நீ மட்டும் என்ன, கோதுமையேதானே வாங்கறே? எவனோ ஒரு பட்டன் செஞ்சு போட்டிருக்கான். நல்ல சௌகரியம்."

"எவனாம்?"

"பேர் போடல. ஆனா பட்டன் மேல ‘வாங்கு’ன்னு செக்ல எழுதினதுல, நம்ம ரெண்டு ‘இ’ எழுத்துல தப்பானதைப் போட்டிருக்கான். அந்த ‘இ’க்காக அப்பாகிட்ட தினம் காது திருகு வாங்கின ஒருத்தனைத்தான் எனக்குத் தெரியும்."

லுபோஷ் தன் ஷூவைப் பார்த்தான்.

"சந்தைன்னா நாள் பூரா உக்காந்து பேரம் பேசுறவன் நீ. உனக்கு எதுக்குடா இப்படி ஒரு பட்டன்னு யோசிச்சேன். உடம்புக்கு முடியாதவன் உக்காந்து பட்டன் செய்ய மாட்டான். ராத்திரி தூங்க விடாம வீட்டுல புதுசா யாரோ வந்திருக்கணும்."

வீட்டுச் செருப்பு ஒரு ஜோடியைக் காலால் தம்பி பக்கம் தள்ளினார்.

"பையனா, பொண்ணா?"